பக்கத்து மனையை இடிக்கப் போறாங்களா? கடலோரத் தெருக்காரங்க முன்கூட்டியே பேசி வைக்க வேண்டிய விஷயங்கள்

சென்னை திருவான்மியூர்ல ஈசிஆர்ங்கற கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு குறுக்குத் தெரு எங்களுது. தெரு பேர் வேண்டாம், இந்தப் பக்கம் இப்போ எல்லாத் தெருவும் ஒரே மாதிரிதான் இருக்கு. பச்சை வலை கட்டின கட்டடம் ரெண்டு, இடிச்சுப் போட்ட மனை ஒண்ணு, "மேடம் ஜேவிக்கு குடுப்பீங்களா"ன்னு கேட்டுக்கிட்டு கேட்டைத் தட்டற புரோக்கர் ஒருத்தர். (ஜேவின்னா ஜாயின்ட் வென்ச்சர், மனை ஓனரோடது, கட்டறது பில்டர், வர்ற பிளாட்டைப் பங்கு போட்டுக்கறது.) தெரு அசோசியேஷன்ல நான் சில வருஷமா செயலாளரா இருக்கேன், யாரும் வர மாட்டேன்னதால வந்த பதவி அது. பெசன்ட் நகர்ல இருந்து நீலாங்கரை வரைக்கும் தெரிஞ்சவங்க போன் பண்ணி பக்கத்து வீட்டை இடிக்கறாங்களாம் நாங்க என்ன பண்ணனும்னு கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் அடுக்குமாடிக்கு எதிரி கிடையாது. எழுபதுகள்லயும் எண்பதுகள்லயும் கட்டின வீடு, ஹவுசிங் போர்டு பிளாட் எல்லாம் உப்புக் காத்துல கம்பி துருப்பிடிச்சு உப்பி, சீலிங் பெயர்ந்து சாப்பாட்டுத் தட்டுல விழற நிலைமைல இருக்கு, லிப்ட் இல்ல, மாடில இருக்கற வயசானவங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா சேர்ல வெச்சுத் தூக்கிட்டு இறங்கணும். டைடல் பார்க் 2000ல வந்துச்சு, பறக்கும் ரயில் 2007ல வேளச்சேரி வரைக்கும் போச்சு, இங்க வேலைக்கு வர்றவங்க எங்கயாவது குடியிருக்கத்தானே வேணும். பள்ளிக்கரணைப் பக்கம் சதுப்பு நிலத்துல போய் கட்டறதுக்கு இங்க ரெண்டு மாடி கூட ஏத்திக் கட்டறது எவ்வளவோ மேல். இடிக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சு சண்டை போட்ட தெருவும் எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரங்க முகம் பாத்துப் பேசறது நின்னதுதான் மிச்சம், கட்டடம் வந்துடுச்சு.

விஷயம் என்னன்னா ரூல் மனை மனையாத்தான் பாக்குது. 2019ல வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள்ல எஃப்எஸ்ஐ, அதாவது மனையைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு, 1.5ல இருந்து 2 ஆச்சு, அதாவது ஒரு கிரவுண்டு 2400 சதுர அடில முன்னாடி 3600 கட்டலாம்னா இப்போ 4800, அதுக்கு மேல ரோடு அகலத்தைப் பொறுத்து காசு கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐயும் வாங்கிக்கலாம். உயரம் 18.3 மீட்டருக்குள்ள நின்னா ஹைரைஸ் கணக்குல வராது, அதனால தெரு பூரா கீழ கார் நிக்க தூண் மட்டும் வெச்ச ஸ்டில்ட் போட்டு மேல அஞ்சு மாடி. எல்லாம் சட்டப்படி, யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா மனை 3000 சதுர மீட்டருக்கு மேல இருந்தாதான் 10 சதவீதம் திறந்தவெளிக்கு விடணும் இல்ல அதுக்குக் காசு கட்டணும்னு ஒரு விதி இருக்கு பாருங்க, அது 13 கிரவுண்டுக்கு மேல. எங்க தெருவுல பெருசா இருக்கற மனையே ரெண்டு மூணு கிரவுண்டுதான். அப்போ இருபது மனைல இருபது கட்டடம் வந்து ஜனம் நாலஞ்சு மடங்கு ஆனாலும் ஒரு சாண் பார்க் கூட வராது. தண்ணி, சாக்கடை, பார்க்கிங், ரோடு மட்டம் எல்லாத்துக்கும் இதே கதைதான், ஒவ்வொரு மனையும் தனியா பாஸ் ஆகும், தெரு மட்டும் ஃபெயில் ஆகும்.

அதனால பேச வேண்டிய ஆள் பில்டர் இல்ல, வீட்டு ஓனர். அதுவும் அவர் ஜேவி அக்ரிமென்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி. அப்போதான் பில்டர் எதுக்கும் தலையாட்டுவார், மனை வேணுமே. பூமி பூஜை முடிஞ்சுட்டா பில்டருக்கு உங்க தயவு எதுக்கு, சைட் இன்ஜினியர் "ஆபீஸ்ல கேட்டு சொல்றேன் மேடம்"னு ஒரு வருஷம் ஓட்டிடுவார். ஓனர் நம்ம கூட முப்பது வருஷம் பழகினவர், கட்டி முடிச்சு அதே இடத்துல ரெண்டு பிளாட் வாங்கிட்டு திரும்ப இங்கயேதான் வரப் போறார், தெரு கெட்டா அவருக்கும் கெட்டதுதான். பழைய பிளாட்டா இருந்து ஓனர்கள் பல பேருன்னா 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூணுல ரெண்டு பங்கு பேர் ஒத்துக்கிட்டா இடிச்சுக் கட்டலாம், அதனால அந்தப் பேச்சு அவங்க மீட்டிங்ல ஆரம்பிக்கும்போதே நம்ம லிஸ்டும் உள்ள போயிடணும். நாங்க ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு பேப்பர் தயார் பண்ணி வெச்சிருக்கோம், யார் வீடு ஜேவிக்குப் போகுதுன்னு காதுல விழுந்தாலும் ஒரு தட்டு பழத்தோட போய் குடுத்துட்டு வந்துடறது. சிரிப்பாங்க. ஆனா அந்தப் பேப்பர்ல இருக்கற பாதியாவது அக்ரிமென்ட்ல ஏறிடுது.

அதுல முதல் விஷயம் தண்ணி. இது கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

எங்க பூமி கடல் மணல், கீழ பாறை. மழைத் தண்ணி மணல்ல இறங்கி, கீழ இருக்கற உப்புத் தண்ணி மேல மிதந்துக்கிட்டு நிக்குது, நல்ல தண்ணி எடை கம்மி, உப்புத் தண்ணி எடை ஜாஸ்தி, அவ்வளவுதான் சூட்சுமம். நிலத்தடி நீர்க்காரங்க ஒரு கணக்கு சொல்வாங்க, கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு மீட்டர் நின்னா அதுக்குக் கீழ நாப்பது மீட்டர் வரைக்கும் உப்பைத் தள்ளி வெக்கும்னு. நம்ம பக்கம் அதுக்கு முன்னாடியே பாறை வந்துடும், அது வேற. திருப்பிப் பாத்தா மேல ஒரு மீட்டர் இறைச்சு இறக்கினா கீழ இருந்து உப்பு எவ்வளவு மேல ஏறி வரும்னு யோசிங்க. "ஆழமா போர் போட்டா நல்ல தண்ணி"ங்கறது ஊர்ப்பக்கத்துக் கணக்கு, கடலோரத்துல ஆழமா போனா உப்புதான். தெற்கே ஈசிஆர் ஓரமா ஒரு பட்டையை 2008 மாஸ்டர் பிளான்லயே நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதின்னு குறிச்சு அங்க கட்டடத்துக்குக் கட்டுப்பாடு வெச்சதும் இதுக்காகத்தான்.

இப்போ ரெண்டு கிரவுண்டு மனை ஒண்ணு எடுத்துக்கோங்க, 446 சதுர மீட்டர். சென்னைல வருஷத்துக்கு சராசரியா 1400 மில்லிமீட்டர் மழை, அப்போ அந்த மனை மேல விழற மொத்தத் தண்ணி சுமார் 6.2 லட்சம் லிட்டர். பழைய வீட்டுல ரெண்டு குடும்பம், எட்டு பேர், ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர்னு அரசாங்கக் கணக்குப்படி போட்டா வருஷத்துக்கு 4 லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. அதாவது மழை குடுத்ததை விட அவங்க எடுத்தது குறைச்சல், கிணறு வத்தல. அதே மனைல பத்து பிளாட், நாப்பது பேர் வந்தா தினம் 5400 லிட்டர், வருஷத்துக்கு 20 லட்சம் கிட்ட. விழற ஒரு சொட்டைக் கூட விடாம மண்ணுக்குள்ள இறக்கினாலும் மூணுல ஒரு பங்கு கூட தேறாது. அதுலயும் கட்டடத்தைச் சுத்தி விடற காலி இடம், அதான் செட்பேக், முழுக்க பேவர் பிளாக் போட்டு மூடிட்டா அதுவும் போச்சு.

இந்தக் கணக்கை மீட்டிங்ல போர்டுல எழுதிக் காட்டினதுக்கு அப்புறம்தான் பல பேருக்கு உறைச்சது. மழைநீர் சேகரிப்பு வெச்சுட்டா போதும்னு நம்பிட்டு இருந்தவங்களும் உண்டு, வெக்கவே வேணாம்னு இருந்தவங்களும் உண்டு, ரெண்டும் சரியில்ல. சேகரிப்பு நம்ம நல்ல தண்ணிப் படலத்தைக் காப்பாத்தறதுக்கு, நாப்பது பேர் குளிக்கறதுக்கு இல்ல. குடியிருக்கற தண்ணி வெளிய இருந்துதான் வரணும், மெட்ரோ வாட்டர் கனெக்‌ஷன், நெம்மேலி கடல்நீர் ஆலை (2013ல நாளைக்கு 100 எம்எல்டி, அதாவது 10 கோடி லிட்டர், 2024ல இன்னொரு 150 எம்எல்டி சேர்ந்துச்சு), பத்தலைன்னா லாரி. 2019 கோடைல பூண்டி, சோழவரம், ரெட்ஹில்ஸ், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் காஞ்சு ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்தாங்களே, அந்தக் கோடைல எங்க தெருவுல ஆழமா போர் போட்டு இறைச்ச கட்டடத்துல எல்லாம் உப்பு ஏறிடுச்சு, உறை கிணறு வெச்சு அளவா எடுத்த ரெண்டு பழைய வீட்டுல மட்டும் தண்ணி வாயில வைக்கற மாதிரி இருந்துச்சு.

அதனால எங்க பேப்பர்ல இருக்கறது இதான். ஒண்ணு, பழைய கிணத்தை மூடக் கூடாது, கார் பார்க்கிங்குக்கு நடுவுல வந்தாலும் மேல கனமான மூடி போட்டு வெச்சுக்கலாம், மொட்டை மாடித் தண்ணி வடிகட்டி வழியா அதுக்குள்ள போகணும். ரெண்டு, புது போர் போட்டே ஆகணும்னா பக்கத்துக் கிணத்து ஆழத்தைத் தாண்டக் கூடாது. மூணு, பின்பக்க செட்பேக்கும் பக்கவாட்டு ஒண்ணும் மண்ணாவே விடணும், கேட்டுப் பக்கம் குறுக்கால ஒரு கம்பித் தட்டு போட்ட வாய்க்கால் வெச்சு அங்க வர்ற தண்ணி மூணடி அகலம் பதினஞ்சடி ஆழத்துல ஒரு உறை கிணத்துக்குப் போகணும், தெருவுக்கு ஓடக் கூடாது. மணல் பூமிங்கறதால இறங்கறது ரொம்ப சுலபம், செலவும் அந்த பட்ஜெட்டுல ஒரு கிச்சன் சிம்னி அளவுக்குத்தான். நாலாவது, சம்ப்பை, அதான் தரைக்குக் கீழ இருக்கற தண்ணித் தொட்டியை, முதல்லயே பெருசா கட்டுங்க, மூணு நாள் தண்ணி தாங்கற மாதிரி, 16,000 லிட்டராவது, இல்லைன்னா 12,000 லிட்டர் லாரி வந்து பாதி இறக்க முடியாம தெருவை அடைச்சுக்கிட்டு நிக்கும்.

கூடவே தண்ணில கரைஞ்சிருக்கற உப்பை லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்னு காட்டற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க, பேனா மாதிரி இருக்கும், விலை அதிகமில்ல. மாசம் ஒரு தடவை தெருவுல எல்லாக் கிணறும் போரும் அளந்து குரூப்புல போட்டுடறது. 500க்குள்ள இருந்தா குடிக்கற தரம், 2000 தாண்டினா குடிக்கவே கூடாதுங்கறது இந்திய தர நிர்ணய அமைப்பு பிஐஎஸ் கணக்கு. யார் வீட்டுல ஏறுதுன்னு எல்லாருக்கும் தெரியும்போது அவங்களே மோட்டார் ஓட்டறதைக் குறைச்சுக்கறாங்க, நாம வாயே திறக்க வேண்டாம். 2003ல இருந்தே மழைநீர் சேகரிப்பு கட்டாயம், ஆனா பாதி வீட்டுல பைப் இருக்கும் வடிகட்டி அடைச்சிருக்கும், அதனால ஆடி மாசமே ஒரு ஆளை வெச்சு தெரு மொத்தத்துக்கும் கிளீன் பண்ணிடறோம், தனித்தனியா கூப்பிட்டா அவர் வரவே மாட்டார். ஈசிஆர் ஓரம் மழைநீர் வடிகால் போட வந்தப்போ மணல் பூமிக்கு எதுக்கு கான்க்ரீட் கால்வாய்னு அங்க இருக்கறவங்க பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனாங்க ஞாபகம் இருக்கா, அவங்க கேட்டது நியாயம், ஆனா அப்படிக் கேக்கற நம்ம வீட்டு செட்பேக்ல முதல்ல மண் தெரியணும்ல.

அடுத்தது தோண்டறது. கடலோர மணல்ல பள்ளம் எடுக்கறது மத்த இடம் மாதிரி இல்ல. பத்தடி போறதுக்குள்ள தண்ணி வந்துடும், ராத்திரி பகலா பம்ப் போட்டு இறைப்பாங்க, தண்ணியோட மணலும் சேர்ந்து வரும், எங்க இருந்து வரும்? பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்குக் கீழ இருந்துதான். எங்க தெருவுல ஒரு சைட்ல இப்படி இறைச்சு பக்கத்து வீட்டு காம்பவுண்ட் சுவர் ஒரு பக்கமா சாஞ்சு, போர்டிகோல விரல் போற அளவுக்கு விரிசல் விட்டுச்சு. பில்டர் தரப்புல சொன்ன பதில், "அது பழைய விரிசல்தான் சார், ஏற்கனவே இருந்தது". இல்லைன்னு நிரூபிக்க அந்த வீட்டு அங்கிள்கிட்ட ஒரு போட்டோ கிடையாது. பேசிப் பேசி கடைசில சுவரை மட்டும் கட்டிக் குடுத்தாங்க, போர்டிகோ அவர் காசுல.

அதுக்கப்புறம் இடிக்கற தேதி தெரிஞ்ச உடனே ரெண்டு பக்கமும் பின்னாடியும் இருக்கற வீடுகள்ல நாங்க போய் ரூம் ரூமா வீடியோ எடுத்துடறோம், தேதி தெரியறதுக்கு அன்னிக்கு நியூஸ் பேப்பரைக் கையில காட்டிக்கிட்டு. இருக்கற விரிசல்ல பென்சில்ல முனையைக் குறிச்சு தேதி போட்டு, குறுக்க ஒரு சின்ன கண்ணாடித் துண்டை எம்-சீல் வெச்சு ஒட்டிடுங்க, விரிசல் அசைஞ்சா கண்ணாடி உடையும், அதை விட சாட்சி வேண்டாம். வீடியோ காப்பி ஒண்ணு பில்டருக்கும் மெயில்ல போயிடணும். ஓனர் கேட்டா பில்டர் கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்னு ஒரு இன்சூரன்ஸ் எடுப்பார், அதுல மூணாம் நபர் சேதத்துக்கும் கவர் சேர்த்து வாங்கச் சொல்லுங்க, அது இருந்தா பில்டரே தகராறு பண்ண மாட்டார், ஏன்னா அவர் கைக்காசு போகாது. பேஸ்மென்ட் வேணவே வேணாம், ஸ்டில்ட் போதும்னு ஓனர்கிட்ட கெஞ்சியாவது சொல்லிடுங்க. பள்ளம் எடுக்கறதை சித்திரை வைகாசில வெச்சுக்கச் சொல்லுங்க, தண்ணி மட்டம் அப்போதான் கீழ இருக்கும், கார்த்திகை மார்கழில ஆரம்பிச்சா மோட்டார் நிக்கவே நிக்காது. இறைக்கற தண்ணியை மேன்ஹோல்ல விடக் கூடாது, மணல் போய் லைன் அடைச்சுக்கும், ஒரு தொட்டில தெளியவிட்டு பக்கத்து உறை கிணத்துக்கே திருப்பி விடலாம், ஒரு சைட்ல எங்களுக்காக அப்படிப் பண்ணாங்க, அந்த சைட் இன்ஜினியர் தம்பி நல்லா இருக்கணும்.

இது ஜேவி குடுக்கற ஓனருக்கான விஷயம், ஆனா சொல்லிடறேன். கடலோரத்துல கட்டடம் முப்பது வருஷத்துல உதிர்றதுக்குக் காரணம் பெரும்பாலும் கம்பியை மூடற கான்க்ரீட் பத்தாததுதான். கான்க்ரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456ல கடலோரச் சூழலை சிவியர்னு, அதாவது கடுமையானதுன்னு போட்டிருக்கு, கம்பி மேல 45 மில்லிமீட்டர் கவர், எம்30 தர கான்க்ரீட்டாவது இருக்கணும். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடில வெக்கற கவர் பிளாக்குக்கு பதிலா மேஸ்திரி உடைஞ்ச டைல்ஸ் துண்டு வெக்கறதைப் பாத்தா அங்கயே வேலையை நிறுத்தச் சொல்லுங்க. இன்னொண்ணு, கான்க்ரீட் கலக்கற தண்ணில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டக் கூடாதுன்னும் அதுலயே இருக்கு. உப்பேறின போர் தண்ணில கலந்தா, கட்டும்போதே துருவை உள்ள வெச்சு கட்டற மாதிரி. லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ண பெரிய காசு ஆகாது. எட்டு பிளாட்டுக்கு மேல போனாலோ மனை 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ ரெராங்கற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கணும், கட்டமைப்புக் கோளாறுக்கு அஞ்சு வருஷம் பில்டர் பொறுப்பு. ஆனா துரு பத்து பன்னெண்டு வருஷம் கழிச்சுத்தான் தலையைக் காட்டும், அதனால கட்டும்போது பாத்துக்கறதுதான் உண்டு.

சத்தத்துக்கு ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் ஒலி மாசு விதி இருக்கு, குடியிருப்புப் பகுதில பகல்ல 55, ராத்திரி 45 டெசிபல். காகிதத்துல இருக்கு. ஸ்லாப் போடற அன்னிக்கு ரெடிமிக்ஸ் வண்டி ராத்திரிதான் வரும், அதைத் தடுக்கப் போனா பகல்ல ஸ்கூல் வேன் நேரத்துல வந்து நிக்கும், அதனால ஸ்லாப் போடற ராத்திரிக்கு மட்டும் முன்னாடியே சொல்லிட்டு பண்ணிக்கோங்க, மத்த நாள் ஏழு மணிக்கு மேல கட்டிங் மெஷின் கூடாதுன்னு பேசி முடிச்சோம். பரீட்சை நேரத்துல இதுக்கும் சண்டை வரும், வரட்டும்.

யாரும் யோசிக்காத ஒண்ணு, வேலை செய்யறவங்களுக்குக் கக்கூஸ். பீகார், ஒடிசால இருந்து வந்த பசங்க இருபது பேரைத் தகரக் கொட்டகைல தங்க வெச்சிட்டு கழிப்பறை கட்டலைன்னா அவங்க எங்க போவாங்க, கடற்கரைக்குத்தான். அப்புறம் வாக்கிங் போறவங்க அந்தப் பசங்களைத் திட்டுவாங்க. இடிக்கறதுக்கு முன்னாடி பழைய வீட்டு டாய்லெட் ஒண்ணை மட்டும் விட்டு வெக்கச் சொல்லுங்க, லைன் ஏற்கனவே இருக்கும், கடைசியா இடிச்சுக்கலாம். எங்க பேப்பர்ல ஒருத்தர் கூட மறுக்காம ஒத்துக்கிட்டது இது ஒண்ணுதான்.

சாக்கடை பத்தி சுருக்கமா சொல்றேன். ரெண்டு வீட்டுக்குன்னு என்னிக்கோ போட்ட கனெக்‌ஷன்ல பத்து பிளாட்டை இணைச்சா தெரு முனை மேன்ஹோல் பொங்கும், அது பள்ளமா இருக்கற வீட்டு வாசல்லதான் பொங்கும். புது கனெக்‌ஷனுக்கு விண்ணப்பம் போட்டாச்சான்னு முதல் மாடி ஏறும்போதே கேளுங்க, பெயின்ட் அடிக்கும்போது கேக்காதீங்க. மொட்டை மாடித் தண்ணியை சாக்கடை லைன்ல விடறது, சாக்கடையை மழைநீர் வடிகால்ல விடறது ரெண்டும் குத்தம், ரெண்டும் நடக்குது. கம்ப்ளீஷன் சர்டிபிகேட் இல்லாம இந்த அளவு கட்டடத்துக்கு கரண்ட் கனெக்‌ஷன் கிடைக்காது, அதனால அதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட "வாங்க சேர்ந்து ஒரு தடவை பைப் எங்கெங்க போகுதுன்னு பாத்துடலாம்"னு போனா அப்போ திருத்த முடியும். அப்புறம் டைல்ஸை உடைக்க யாருக்கு மனசு வரும்.

ரோடு மட்டம்னு சொன்னேன்ல. ஒவ்வொரு புதுக் கட்டடமும் தெருவை விட ரெண்டு மூணு அடி ஏத்திக் கட்டறாங்க, வண்டி ஏற சாய்வுத் தளத்தை ரோட்டுக்குள்ள நீட்டறாங்க, ரோடு போடற ஒவ்வொரு தடவையும் பழசைச் சுரண்டாம மேல போட்டா இன்னும் அஞ்சு இஞ்ச் ஏறும். பழைய கிரவுண்ட் ப்ளோர் எல்லாம் குழியாயிடுச்சு. மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பர்ல மணல் மேட்டுல இருக்கற எங்க தெருவுல, அதுவரைக்கும் தண்ணியே நிக்காத ரெண்டு வீட்டுக்குள்ள கணுக்கால் அளவு வந்துச்சு, காரணம் மழை மட்டும் இல்ல, ரெண்டு பக்கமும் எழும்பின சாய்வுத் தளம். இப்போ சாய்வு உங்க கேட்டுக்கு உள்ளயே முடியணும்னு பேப்பர்ல போட்டிருக்கோம், ரோடு போட வர்ற அன்னிக்கு ரெண்டு பேர் நின்னு பழசைச் சுரண்டிட்டு போடுங்கன்னு சொல்லிடறோம். நின்னாதான் நடக்கும், லெட்டர்ல நடக்காது.

கடல் பக்கம் வருவோம். நமக்கு முன்னாடி இங்க இருக்கறவங்க மீனவர் குப்பத்து ஜனங்க. புதுசா பிளாட் வாங்கி வந்தவங்க ஒருத்தர் கருவாடு நாத்தம்னு கம்ப்ளைன்ட் எழுதலாம்னு குரூப்புல போட்டார். அதை எப்படியோ கேள்விப்பட்டு, எங்களுக்கு தினமும் மீன் கொண்டு வர்ற அக்கா என்கிட்டயே கேட்டுட்டாங்க, "இன்னா மேடம், நாங்க இங்க இருக்கறது தெரிஞ்சுதானே வாங்கனீங்க?" பதில் சொல்ல வாய் வரல எனக்கு. அதுக்கப்புறம் குப்பத்து நிர்வாகிங்களோட உக்காந்து பேசினோம். வலை காய வெக்கற இடத்துலயும் படகு ஏத்தற வழியிலயும் எங்க தெரு விசிட்டர் கார் நிக்காது, கட்டட மண்ணு, கல்லு எதுவும் மணல்ல கொட்டக் கூடாது, கடற்கரைக்குப் போற சந்துல எந்த பில்டரும் ஜல்லி இறக்கக் கூடாது. அவங்க பக்கத்துல இருந்து கேட்டது ஒண்ணே ஒண்ணு, பீச்சைப் பாத்துக் கட்டற கட்டடத்துல வாட்ச்மேன் வெச்சு எங்க பசங்களை விரட்டாதீங்க. நியாயமான பேச்சு. கடலோர ஒழுங்குமுறை மண்டல ரூல், சிஆர்இசட்னு சொல்வாங்க, 1991ல இருந்து இருக்கு, உயர் அலைக் கோட்டுல இருந்து 500 மீட்டர் வரைக்கும் கட்டுப்பாடு, ஆனா இந்த மாதிரி அன்றாட விஷயத்தை எந்த ரூலும் பாக்காது, பேசித்தான் ஆகணும்.

அங்கயே இன்னொண்ணு, விளக்கு. தை மாசத்துல இருந்து பங்குனி ஆமைன்னு சொல்ற ஆலிவ் ரிட்லி கடலாமை முட்டை போட கரைக்கு வரும், 1988ல இருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்புப் பசங்க ராத்திரி ராத்திரி இந்தக் கரைல நடந்து முட்டையைச் சேகரிச்சு பொரிக்க வெக்கறாங்க. அவங்க கண்ணுல படாம பொரியற குஞ்சு வெளிச்சம் எங்க இருக்கோ அங்க போகும், முன்னாடி அது கடல், இப்போ அஞ்சாவது மாடி எல்இடி. கடலைப் பாத்த பால்கனி, மொட்டை மாடி விளக்கை எல்லாம் கீழ் நோக்கி மூடி போட்டு, ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் பதினோரு மணிக்கு மேல அணைச்சிடணும்னு கேட்டோம். பெரியவங்க சும்மா இருந்தாங்க, பசங்க போய் வீடு வீடா அணைக்க வெச்சுட்டாங்க. கரண்ட் பில்லும் குறைஞ்சுது.

பார்க்கிங்குக்கு மட்டும் எங்ககிட்ட முழு பதில் இல்ல. பிளாட்டுக்கு ஒரு கார்னு ஸ்டில்ட்ல இடம் இருக்கும், ரெண்டாவது கார் தெருவுல, ஞாயித்துக்கிழமை பீச்சுக்கு வர்றவங்க கார் அதுக்குப் பக்கத்துல, நடுவுல ஆம்புலன்ஸ் நுழையாது. தெருவோட ஒரு பக்கம் மட்டும் நிறுத்தறதுன்னு பேசி மஞ்சள் கோடு போட்டோம், மதிக்கறாங்க, பாதி நாள். இப்போ வர்ற புது ஜேவி பேப்பர்ல பத்து பிளாட்டுக்கு ரெண்டு விசிட்டர் இடம் மனைக்குள்ளயே வேணும்னு சேர்த்திருக்கோம், ஒரு ஓனர் ஒத்துக்கிட்டார், இன்னொருத்தர் அந்த இடத்தை எட்டு லட்சத்துக்கு வித்துடுவேன்னு நேராவே சொல்லிட்டார். அவர்கிட்ட அடுத்த வாரம் திரும்பப் போகணும், இந்தத் தடவை அவர் வீட்டம்மாவும் இருக்கற நேரமா பாத்துப் போலாம்னு இருக்கோம். அந்தப் பேப்பர் யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, அனுப்பறேன், உங்க தெருவுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க, முக்கியமா கிணத்து ஆழத்தை மட்டும் அளந்து போடுங்க, எங்க அளவை அப்படியே காப்பி அடிச்சுடாதீங்க.